ஒட்டகக் கல் வரை

1949 ஜனவரி 18, செவ்வாய்

இன்றைக்கு என் வயது அறுபத்தைந்து ஆண்டு, மூன்று மாதம், பதினொரு நாள். காலையில் பம்பாய்க் குளிர். சால்வை எடுத்தால் வியர்வை, எடுக்காவிட்டால் தும்மல். பால் 7.20க்கு. ஜன்னல் கொக்கி மறுபடியும் கழன்றுவிட்டது.

பத்து மணிக்கு மங்களம். சமாஜத்தின் மாதர் பிரிவுக்குத் தலைவி. மாடி ஏறும்போதே பேச்சைத் தொடங்கி, நான் கதவைத் திறக்கும்போது பாதியில் இருப்பாள். கையில் ஒரு கட்டு துண்டுப் பிரசுரம். "மலைகளைக் கடந்து பாலைவன அதிசயங்கள்! ஒரே நாளில்! மோட்டார் பஸ்ஸில்! வழிகாட்டியுடன்!" அதிசயங்கள் மூன்று: ஒட்டகக் கல், குகை, மணல் ஆறு.

பம்பாயிலிருந்து நூறு மைலுக்குள் பாலைவனம் எதுவும் கிடையாது, மலைக்குக் கிழக்கே இருப்பது மழை மறைவுப் பிரதேசம் என்று சொன்னேன். இருபத்தாறு வருஷம் பூகோளம் கற்பித்த வாய், சும்மா இராது.

"மழை மறைவுப் பிரதேசம்னு அச்சடிச்சா யார் மாமி பஸ் ஏறுவா?"

அவள் வாழ்நாளில் சொன்ன சரியான வாக்கியங்களில் ஒன்று.

"நீங்க வந்தே ஆகணும். அந்த ஒட்டகக் கல்லுக்கு அடியிலே ஒரு தேவி இருக்காளாம். ரதசப்தமி வரைக்கும் இந்த ஊர்க்காரா ஹல்தி குங்குமம்னு சுமங்கலிகளுக்கு மஞ்சள் குங்குமம் குடுக்கறாளோன்னோ, நாமளும் அங்கே பண்ணிடலாம்னு. ஆரம்பிக்கறது உங்க கையாலே. நம்ம சமாஜத்துலே தீர்க்க சுமங்கலின்னா வேறே யாரு?"

என்னைப் பற்றி எங்கள் மாட்டுங்காவின் தர்க்கம் இது. இவளுடைய கணவர் 1916இல் ராணுவ சப்ளை குமாஸ்தாவாக பஸ்ராவுக்குக் கப்பல் ஏறினார். சாவுச் செய்தி என்று எதுவும் வந்ததாக யாரும் கேள்விப்படவில்லை. ஆகவே இருக்கிறார். ஆகவே இவள் சுமங்கலி. அதிலும், முப்பத்து மூன்று வருஷமாக நெற்றியைக் கலைக்காமல் காத்திருப்பவள், ஆகவே கைராசிக்காரி. இதுவரை நாற்பத்தொரு மணப்பெண்களுக்கு நான் குங்குமம் இட்டிருக்கிறேன். அவர்களில் இருவர் மூன்று வருஷத்துக்குள் அதை இழந்தார்கள். அந்த உதாரணங்களைத் தர்க்கத்தில் யாரும் சேர்ப்பதில்லை.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். பொங்கலிலிருந்தே இப்படி.


ஜனவரி 20, வியாழன்

மேகமூட்டம். கத்தரிக்காயில் பாதி புழு.

மாலை ஐந்தரைக்குச் சுந்தரம். கீழ் மாடி, ஜானகியின் அண்ணா, ரயில்வே ஆப்பீஸ். உட்காரச் சொன்னேன், நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தான். சகாயம் கேட்க வருகிறவர்கள் யாரும் நாற்காலியை முழுவதுமாகப் பயன்படுத்துவதில்லை.

"மாமி, ஜானகியைப் பண்ணிக்கறேன்னு கேட்டிருக்காரே, அந்தச் செம்பூர் டிராஃப்ட்ஸ்மன், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாக்பூருக்கு மாத்தலாகிப் போறார். அதுக்குள்ளே பதில் சொல்லணும். நல்ல மனுஷர். பொண்டாட்டி தவறி மூணு வருஷமாறது. ஜானகியை டைப்பிஸ்ட் வேலையை விடச் சொல்லக்கூட இல்லே. வக்கீலையும் கேட்டுட்டேன். ஏழு வருஷம் தகவல் இல்லேன்னா சட்டம் குறுக்கே நிக்காதாம்."

ஜானகிக்கு இருபத்தெட்டு. கணவன் மலாயாவில் ரப்பர் தோட்ட ஆப்பீஸ். கடைசிக் கார்டு 1942 ஜனவரியில். சண்டை முடிந்து திரும்பியவர்களில் ஒருவன் அவனைச் சயாமில் ரயில் பாதை போடுமிடத்தில் பார்த்தேன் என்றான். இன்னொருவன் அது வேறு ஆள் என்றான். இந்த மாதத்தோடு ஏழு வருஷம்.

"சட்டம் இருக்கட்டும். அவ என்ன சொல்றா?"

"உங்களைச் சொல்றா மாமி. 'விசாலம் மாமி முப்பத்து மூணு வருஷமா காத்துண்டிருக்கா, நான் ஏழு வருஷத்துலே விட்டுடுவேனா'ங்கறா. அதுக்கு மேலே எனக்குப் பேச வாயில்லே." மேல்துண்டின் நுனியை முறுக்கினான். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பாள்."

யோசிக்கிறேன் என்றேன். அவன் போன பிறகு அறையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். பதினோரு அடி. திரும்பினால் மறுபடியும் பதினோரு அடி.


ஜனவரி 21, வெள்ளி

தபால் எதுவும் இல்லை. ஜன்னல் கொக்கிக்கு நூல் கட்டியாயிற்று.

பஸ் போகும் வழியைப் பார்க்க அட்லஸ் எடுத்தேன். தாணே, ஷகாபூர், கஸாரா, மலை, இகத்புரி, பிறகு வெட்டவெளி. மலைத்தொடருக்கு மேற்கே வருஷத்துக்கு நூறு அங்குலத்துக்கு மேல் மழை. கிழக்கே இறங்கினால் இருபதே சந்தேகம். ஒரே மேகம், ஒரு முகட்டின் இந்தப்பக்கம் கொட்டிவிட்டு அந்தப்பக்கம் கைவிரிக்கிறது. பிள்ளைகளுக்கு இதைக் கற்பிப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். முப்பத்தெட்டாம் பக்கத்தை வழக்கம்போலத் திறக்கவில்லை.

ஜானகி ஆப்பீஸிலிருந்து நேராக மேலே வந்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார இடம் பிடித்திருக்கிறாளாம். "நீங்க வரதுனாலதான் மாமி நான் வரேன்." செம்பூர்க்காரரும் வருகிறார் தெரியுமா என்றேன். "யார்?" என்றாள். கேள்விதான், ஆனால் காது சிவந்துவிட்டது. இவளுக்கு ஆங்கிலம் கற்பித்தது நான். பொய் சொல்லக் கற்பிக்கவில்லை. அதனால் அதில் தேர்ச்சி இல்லை.


ஜனவரி 22, சனி

எடுத்துப்போக வேண்டியவை: குடை. தண்ணீர்க் கூஜா. புளியோதரை (மங்களத்தின் புளியோதரையை நம்ப முடியாது). சுக்கு. கம்பளித் தொப்பி (போட மாட்டேன்). பென்சில், இந்த நோட்டு. குங்குமச் சிமிழ்.

சிமிழ் மாமியாருடையது. பித்தளை. அவருக்கு முப்பதாவது வயதில் அதன் உபயோகம் முடிந்துபோயிற்று. என் கல்யாணத்தன்று எனக்குக் கொடுத்தார். பிள்ளை கப்பலேறிய பிறகு இதே அறையில் என்னோடு பத்து வருஷம் இருந்தார். நார்மடிப் புடவை, மழித்த தலை, ஒருவேளைச் சாப்பாடு. மாதம் ஒருமுறை நாவிதன் வருவான். பின்கட்டில் உட்காருவார். நான் அட்லஸைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எதற்கு இதெல்லாம். புளியைக் கரைக்க வேண்டும்.


ஜனவரி 23, ஞாயிறு (பஸ்ஸில், பென்சிலால்)

5.10. மாட்டுங்கா. புறப்பட்டாயிற்று. இருபத்தெட்டுப் பேர், முப்பத்தைந்து தூக்குகள். "வழிகாட்டி" என்று பிரசுரம் சொன்னது டிரைவரைத்தான் என்று இப்போது தெரிகிறது. மாடசாமி. தாராவி, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். யுத்தத்தில் ராணுவ லாரி ஓட்டியவனாம். நாற்பது வயதிருக்கும், இடது காதில் பாதி இல்லை.

"அம்மாமாரே, அய்யாமாரே, கையைத் தலையை வெளிய நீட்டாதிய. நீட்டுனா நான் பொறுப்பில்ல, மலைதான் பொறுப்பு."

6.00. தாணே. விடியல். டிராஃப்ட்ஸ்மன் கடைசி ஸீட்டில், ஜனவரியில் குடையோடு. நானும்தான் குடை வைத்திருக்கிறேன். ஆயினும் எனக்கு வயதாகிவிட்டது.

8.40. கஸாரா மலை, மூன்றாவது வளைவு. ராடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் இறக்கம். கீழே பள்ளத்தாக்கில் ரயில், விரல் நீளம். ஓடை சிறிது தூரத்தில். மாடசாமி பாத்திரம் கேட்க, பெண்கள் அத்தனைபேரும் தத்தம் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். டிராஃப்ட்ஸ்மன் பேசாமல் வந்து, மங்களத்தின் பெரிய தூக்கிலிருந்த காப்பியை டம்ளர் டம்ளராக எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, காலித் தூக்கோடு ஓடைக்கு இறங்கினார்.

"ஐயோ, அது மடிப் பாத்திரம்!"

"ராடியேட்டருக்கு மடி தெரியாது மாமி," என்றார் கீழேயிருந்து. நான்கு தடவை ஏறி இறங்கினார். நான்காவது தடவை சறுக்கி உட்கார்ந்தார். தூக்கைத் தலைக்குமேல் பிடித்திருந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஜானகி சிரித்தாள். வாய்விட்டு. உடனே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள், அனுமதி வழங்கும் இலாகா நான்தான் என்பதுபோல.

10.15. இகத்புரி தாண்டியாயிற்று. மரங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. மஞ்சள் புல், கறுப்புப் பாறை, வானம். காற்றில் ஈரம் இல்லை, உதடு வெடிக்கிறது. பாடத்தில் சொன்னபடியே இருக்கிறது. இருபத்தாறு வருஷம் கற்பித்தேன், இன்றுதான் பார்க்கிறேன். மணல் ஆறு என்பது ஜனவரியில் தண்ணீர் இல்லாத எந்த ஆறும்.

12.00. ஒட்டகக் கல். இரண்டு மேடு உள்ள கரும்பாறை, வெட்டவெளியில் தனியாக. மாடசாமி வண்டிக்கு முன்னால் நின்று கையை நீட்டினான்:

"இதான் ஒட்டகம். நான் ஆறு மட்டம் வந்துட்டேன், எந்தப் பக்கம் சுத்திப் பாத்தாலும் எருமைதான் தெரியுது. நோட்டீஸ்ல போட்டபடி சொல்லுதேன், ஒட்டகம்."

"பாலைவனம் எப்படி?" என்றார் யாரோ.

"இதென்ன பாலைவனம்! புல்லு மொளச்சிருக்கு, காக்கா பறக்கு. நான் பாத்த பாலைவனத்துல காத்து மட்டுந்தான் நடமாடும்."

நான் கேட்டிருக்க வேண்டாம். எந்தப் பாலைவனம் என்று கேட்டேன்.

"முதல்ல பஸ்ரா. பொறவு எகிப்து. பஸ்ராவுல ஆறு மாசம் கெடந்தேன்மா. சூடுன்னா சூடு, லாரிக் கதவுல கை வைக்க முடியாது. அங்கன முந்துன சண்டைல செத்தவங்களுக்கு வெள்ளக்காரன் நீளமா ஒரு சுவரு கட்டியிருக்கான். வெள்ளக்காரனுக்கெல்லாம் பேரு வெட்டியிருக்கு. நம்மாளுக்குப் பேரு கெடையாது. இந்தப் பட்டாளத்துல இத்தன பேருன்னு நம்பருதான்."

"குமாஸ்தாக்கள்?"

"குமாஸ்தாவ நம்பர்ல கூட எவன் சேத்தான்? மண்ணுல போனது மண்ணோட." என் முகத்தைப் பார்த்தான். "ஏம்மா, ஒங்க ஆளு யாரும் அங்க போனாவளா?"

பூகோளம் கற்பித்தேன், அதனால் கேட்டேன் என்றேன்.

பக்கத்தில் ஜானகி. மெல்லிய குரலில்: "அப்போ பேர் எங்கேயும் எழுதியிருக்காது, இல்லியா மாமி? மாமாவோடதும், எங்காத்துக்காரரோடதும். எழுதலேன்னா இருக்கான்னுதானே அர்த்தம்?"

மாட்டுங்காவின் தர்க்கம். அதற்குப் பாடப்புத்தகம் நான்.

(அதே நாள், திரும்பும் வழி, வண்டி நின்றிருக்கையில்)

தேவி என்பது பாறையடியில் செந்தூரம் பூசிய ஒரு முழக் கல். அந்த ஊர் மராத்திப் பெண்களும் வந்திருந்தார்கள், பச்சை வளையல், எள்ளுருண்டை. எல்லோரும் சிரிப்பு. சற்றுத் தள்ளி ஒருத்தி, என் வயது, வெறும் நெற்றி, வெறும் கை, குடத்தோடு நின்று எல்லோருக்கும் கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள். எனக்கும் ஊற்றினாள். குங்குமத் தட்டு அவளிடம் வரும்போது தானே ஒதுங்கி வழிவிட்டது.

மங்களம் என் சிமிழைத் திறந்து நீட்டினாள். "மாமி, முதல்லே ஜானகிக்கு. காத்துண்டிருக்கறவளுக்குக் காத்துண்டிருக்கறவ கையாலே. 'உன் ஆம்படையான் வருவான்'னு ஒரு வார்த்தை சொல்லி இடுங்கோ."

ஜானகி கண்ணை மூடி முகத்தை உயர்த்தினாள். பின்னால் டிராஃப்ட்ஸ்மன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வேறுபக்கம் திரும்பினார்.

விரலைக் குங்குமத்தில் வைத்தேன். எடுத்தேன். சிமிழை மூடினேன். தலை சுற்றுகிறது என்று சொல்லிக் கல்லின்மேல் உட்கார்ந்தேன். மோர், விசிறி, சுக்கு, ஆளுக்கொரு வைத்தியம். மங்களம் தானே ஆரம்பித்துவைத்தாள். அந்த விபத்தில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. குகையை நான் பார்க்கவில்லை. வௌவால் நாற்றமாம்.

தாணே. சக்கரத்துக்குக் காற்று அடிக்கிறார்கள். ஜானகி சற்றுமுன் கேட்டாள்:

"ஏன் மாமி எனக்கு இடலே?"

"தலை சுத்தித்து."

"உங்களுக்கா? ஒருநாளும் சுத்தினதில்லே." ஜன்னலைப் பார்த்துக்கொண்டு: "நான் தீர்மானம் பண்ணிட்டேன். அவர் நல்லவர்தான். அதனாலேயே இன்னும் தப்பு. நாளைக்கு அண்ணாகிட்டே வேண்டாம்னு சொல்லிடறேன். உங்க மாதிரி இருந்துடுவேன்."

உங்க மாதிரி. சுக்கு நாக்கில் எரிகிறது.


ஜனவரி 24, திங்கள்

முழங்கால் வலி. வெயில். ஜன்னல் கொக்கி நூலும் அறுந்தது.

திரைச்சீலை துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன். அரிசியில் கல் பொறுக்கினேன், இல்லாத கல்லையும். மூன்று தடவை மாடிப்படி வரை போய்த் திரும்பினேன். இருபத்திரண்டு படி. இறங்கினால் சுந்தரத்தின் கதவு.

நாலு மணிக்குச் சுந்தரமே வந்தான். முகம் தொங்கிவிட்டது. "வேண்டாம்னு எழுதச் சொல்லிட்டா மாமி. சீட்டு எழுதி சட்டைப் பையிலே வச்சிருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் ஸ்டேஷன்லே அவர் கையிலே குடுத்துடணும். நீங்க ஒரு வார்த்தை சொல்வேள்னு நினைச்சேன்." கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

சொல்லாமலிருக்கக் காரணங்கள்:
சமாஜம் என்ன சொல்லும்.
மங்களம் என்ன சொல்வாள் (மேற்படி).
நாற்பத்தொரு பெண்களும் அவர்களுடைய தாய்மார்களும் தங்கள் நெற்றியைத் தடவிப் பார்ப்பார்கள்.
இந்த வயதில் நான் எந்தப் புடவை கட்டிக்கொள்வது.

வாசித்துப் பார்த்தேன். எல்லாம் என் காரணங்கள். அவளுடையது என்று ஒன்றுகூட இல்லை. இப்படியொரு கட்டுரையை மாணவி எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.


ஜனவரி 25, செவ்வாய்

வானம் சுத்தம். காலை 6.40க்கு அட்லஸை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வழியில் நிற்கவில்லை.

சுந்தரம் சவரம் செய்துகொண்டிருந்தான், ஒரு கன்னம் நுரையோடு. ஜானகி ஆப்பீஸுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "என்ன மாமி, இத்தனை கார்த்தாலே?" அட்லஸை அவள் மடியில் வைத்து, முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திற என்றேன். மெசொப்பொட்டேமியா. பஸ்ராமேல் மடித்து வைத்த காகிதம், முத்திரையோடு. மடிப்பில் பழுத்துவிட்டது.

அவளுக்கு நான் கற்பித்த ஆங்கிலம் அதற்குப் போதும். இரண்டு தடவை வாசித்தாள். பின்னல் பாதியில் அவிழ்ந்தது. சுந்தரம் நுரையோடு எட்டிப் பார்த்தான். தேதி 1917 ஆகஸ்ட் 9. காலரா. வருந்துகிறோம். கையெழுத்து புரியாத ஒரு கேப்டன்.

"இது எப்போ வந்தது?"

"அதே வருஷம், அக்டோபர்லே."

"அப்போ நீங்க காத்துண்டு..."

"இல்லே. ஒருநாள்கூட இல்லே. எனக்கு அப்போ வயசு முப்பத்து நாலு, பள்ளிக்கூடத்துலே வேலை கிடைச்சு மூணு மாசம். மாமியாரோட தலையை நினைச்சேன். என் தலையைத் தொட்டுப் பார்த்துண்டேன். கடுதாசியை மடிச்சேன். அவ்வளவுதான். நீ பின்பற்றறது பொறுமை இல்லேடி, பயம். என்னைக் காட்டி நீ முடிவு பண்ணாதே. அவன் இருக்கானா போயிட்டானா எனக்குத் தெரியாது. வேணும், வேண்டாம், எதுவானாலும் உனக்காகச் சொல்லு."

குழாயில் தண்ணீர் நின்றுபோனது கேட்டது. ஜானகி எழுந்து, ஆணியில் தொங்கிய அண்ணாவின் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தாள். கிழிக்கவில்லை. தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "ஸ்டேஷனுக்கு நானே போறேன் அண்ணா," என்றாள். என்ன சொல்லப் போகிறாள் என்று அவன் கேட்கவில்லை. நானும்.

வாசல் வரை என்னோடு வந்தாள். அழவில்லை, என் மாணவி. அட்லஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இந்தக் கடுதாசி வந்தபோது உங்க மாமியார் பக்கத்துலே இருந்தாரா?"

இருந்தார். இதை இந்த நோட்டிலும் எழுதியதில்லை, எந்த நோட்டிலும் எழுதியதில்லை. எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தபால்காரன் போனதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "என்னடி எழுதியிருக்கான், உரக்கப் படி" என்றார். எழுதப் படிக்கத் தெரியாது, அதிலும் இங்கிலீஷ். மருமகள் பி.ஏ. என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. நான் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வரி வரியாக விரலை ஓட்டி, நிறுத்தி நிதானமாக உரக்கப் படித்தேன்: பாலைவனத்துக்குள் தொலைவுக்கு மாற்றலாகியிருக்கிறது, அங்கிருந்து தபால் வசதி கிடையாது, அம்மாவுக்கு நமஸ்காரம், க்ஷேமமாக இருக்கிறேன். அதன்பின் ஒன்பது வருஷம், கண்ணை மூடும்வரை, தினமும் அந்தத் தபால்காரனுக்கு மோர் கொடுத்தார்.